குழந்தையின் இதய சத்திரசிகிச்சைக்கு முன் அக்குபங்சர் செய்விக்கலாமா?

உவர்மலை மாமன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் தங்கையின் மகளுக்கு, அதாவது என் மருமகளுக்கு, இப்போது இரண்டரை வயது. இதயத்தின் கீழறைகள் இரண்டுக்கும் இடையிலுள்ள சுவரில் நடுத்தர அளவான ஒரு துவாரம் இருப்பதைக் கைக்குழந்தையாக இருந்தபோதே எக்கோ எடுத்துக் கண்டுபிடித்தார்கள். தானாக மூடிக்கொள்ளக்கூடும் என்று வைத்தியர் சொன்னதால் காத்திருந்தோம், மூடவில்லை. அடிக்கடி நெஞ்சுச் சளி பிடிப்பதும் நிறை கூடாமல் இருப்பதும் தொடர்ந்ததால், கொழும்பு சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக்குப் பதிந்து, அடுத்த மாதத்துக்குத் திகதியும் கிடைத்துவிட்டது.

இந்த நிலையில், திருகோணமலை நகரில் அக்குபங்சர் செய்யும் ஒருவர், சீனாவில் குழந்தைகளின் இதயத்தைத் திறப்பதற்கு முன் அக்குபங்சர் மூலம் இதயத்தைப் பலப்படுத்துகிறார்கள் என்றும், சத்திரசிகிச்சைக்கு முந்திய நாட்களில் பிள்ளையைக் கொண்டுவந்தால் மணிக்கட்டிலும் நெஞ்சிலும் உள்ள சில புள்ளிகளில் ஊசி போட்டு விடுவதாகவும் என் தங்கையிடம் சொல்லியிருக்கிறார். கனடாவில் இருக்கும் எங்கள் பெரியம்மாவின் மகன் அதையே உறுதிப்படுத்துவது போல ஓர் ஆங்கிலச் செய்தியை வட்ஸ்அப்பில் அனுப்ப, தங்கை முழுமையாக நம்பிவிட்டாள். மைத்துனரோ இந்தப் பேச்சையே வீட்டில் எடுக்கக் கூடாது என்று நிற்கிறார். இருவரும் தனித்தனியாக என்னிடம் வந்து நியாயம் கேட்கிறார்கள்.

சீனாவில் உண்மையிலேயே இப்படிச் செய்கிறார்களா? செய்து பயன் கண்டிருந்தால் நம்முடைய நிபுணர்கள் ஏன் செய்வதில்லை? பயன் இல்லாவிட்டாலும் தீமையாவது இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா? விடயம் அறிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.


சாம்பல்தீவு தாதி (ஓய்வு) எழுதியது:

உங்கள் உறவினர் அனுப்பிய செய்தி பொய்யல்ல. ஆனால் அந்தச் செய்தியில் உள்ள காரியம் வேறு, உங்கள் தங்கையிடம் செய்து தருவதாகச் சொல்லப்பட்ட காரியம் வேறு. இதய சத்திரசிகிச்சைக் கூடத்தில் நீண்ட காலம் பணியாற்றியவள் என்ற முறையில், அங்கே என்ன நடக்கிறது என்பதை முதலில் விளக்குகிறேன்.

துவாரத்தை அடைப்பதற்கு இதயம் அசையாமலும் உள்ளே இரத்தம் இல்லாமலும் இருக்க வேண்டும். அதற்காக மார்பெலும்பைத் திறந்து, இரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் கொடுத்து, உடலின் இரத்தவோட்டத்தை இதய நுரையீரல் இயந்திரத்திடம் ஒப்படைத்து, பெருநாடியைக் கிடுக்கியால் மூடி, பொட்டாசியம் கலந்த குளிர்ந்த திரவத்தை இதயத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நாடிகளுக்குள் செலுத்துவார்கள். திரையில் ஓடிக்கொண்டிருந்த துடிப்புக் கோடு சற்று நேரத்தில் நேர்கோடாகிவிடும். புதிதாக வரும் தாதிமார் முதல் தடவை அதைப் பார்த்து மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அதன் பிறகுதான் நிபுணர் துவாரத்தின் மேல் ஒரு சிறிய ஒட்டுத் துண்டை வைத்துத் தைப்பார். தையல் முடிந்து கிடுக்கியை எடுத்ததும் இதயத் தசைக்குள் மீண்டும் இரத்தம் பாய்கிறது. இரத்தம் கிடைக்காதிருந்த நேரத்தில் தசை நொந்துபோவது எவருக்கும் விளங்கும்; ஆனால் இரத்தம் திரும்பி வரும் அந்தக் கணத்திலும், உயிரணுக்களுக்குள் கல்சியம் அளவுக்கு மீறிச் சேர்வதாலும் ஒட்சிசனிலிருந்து தோன்றும் தீவிரமான மூலக்கூறுகளாலும் இன்னொரு பாதிப்பு ஏற்படுகிறது. நொந்த தசையிலிருந்து ட்ரொப்போனின் என்னும் புரதம் இரத்தத்தில் கசியும். அதன் அளவைப் பார்த்து இதயம் எவ்வளவு பட்டிருக்கிறது என்று மதிப்பிடுவார்கள். இதயத்தைப் பாதுகாத்தல் என்று இந்தத் துறையில் பேசப்படுவது இந்தப் பாதிப்பைக் குறைப்பதையே. இதயத்தைப் பொதுவாகப் பலப்படுத்துவதை அல்ல.

இனி சீன ஆய்வுக்கு வருகிறேன். சிஆன் நகரிலுள்ள சிஜிங் வைத்தியசாலையின் மயக்கமருந்துத் துறையினர், பிறவியிலேயே இதயக் குறைபாடுள்ள 70 குழந்தைகளிடம் செய்த ஆய்வொன்றை 2012 இல் வெளியிட்டார்கள். குழந்தைக்கு மயக்கமருந்து கொடுத்து உறங்கச் செய்த பிறகு, இரண்டு கைகளிலும் மணிக்கட்டுக்குச் சற்று மேலே, நெய்குவான் என்று சீனர் அழைக்கும் புள்ளியில், தோலின் மேல் ஒட்டும் மின்வாய்களை வைத்து 30 நிமிடம் மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்தினார்கள். அவ்வாறு செய்யப்பட்ட குழந்தைகளின் இரத்தத்தில், சத்திரசிகிச்சைக்குப் பின் ட்ரொப்போனின் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. அங்கே ஊசி குத்தப்படவில்லை, நெஞ்சில் எவரும் கை வைக்கவில்லை, முந்திய நாட்களில் குழந்தையை எங்கும் அழைத்துச் செல்லவும் இல்லை. அதே வைத்தியசாலையினர் 2010 இல் வெளியிட்ட வேறோர் ஆய்வில், சத்திரசிகிச்சைக்கு முந்திய 5 நாட்களும் நாளொன்றுக்கு 30 நிமிடம் ஊசி வழியாக மின்தூண்டல் கொடுத்தார்கள் என்பது உண்மை; ஆனால் அந்த 60 பேரும் இதய வால்வை மாற்றிக்கொள்ள வந்த வளர்ந்தவர்கள். உங்கள் தங்கைக்குச் சொல்லப்பட்டது இந்த இரண்டையும் ஒட்டிச் செய்த ஒரு கலவை என்றே எனக்குப் படுகிறது.

நம்முடைய நிபுணர்கள் ஏன் செய்வதில்லை என்று கேட்டீர்கள். ட்ரொப்போனின் குறைந்தது என்பதற்கும் பிள்ளை நலமாக வீடு திரும்பியது என்பதற்கும் இடையே நீண்ட தூரம் இருக்கிறது. இதற்கு மிக நெருக்கமான உதாரணம் ஒன்று உண்டு. 1986 இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில், நாய்களின் இதய நாடியை ஐந்தைந்து நிமிடங்களாக நான்கு முறை அடைத்துத் திறந்துவிட்டு, அதன் பிறகு 40 நிமிடம் அடைத்தபோது, இறந்துபோன தசையின் அளவு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைந்ததைக் கண்டார்கள். அதாவது சிறிய நெருக்கடி ஒன்றைக் கொடுத்தால் இதயம் பெரிய நெருக்கடிக்குத் தயாராகிறது. பிறகு கையிலோ காலிலோ இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டியைக் கட்டி இறுக்கித் தளர்த்தினாலே இதயம் அவ்வாறு தயாராகும் என்ற கருத்து எழுந்தது. ரொறன்ரோவில் 37 குழந்தைகளிடம் அவ்வாறு செய்து பார்த்து, ட்ரொப்போனின் குறைந்ததாக 2006 இல் அறிவித்தார்கள், உலகமே மகிழ்ந்தது. அதே நகரில் 299 குழந்தைகளை வைத்துச் செய்து 2014 இல் வெளிவந்த ஆய்வில், வைத்தியசாலையில் தங்கும் நாட்கள் குறையவில்லை. வளர்ந்தவர்களிடம் ஐரோப்பாவில் நடந்த இரண்டு பெரிய ஆய்வுகள், ஏறத்தாழ 3000 பேரை உள்ளடக்கியவை, 2015 இல் ஒரே நேரத்தில் வெளிவந்தன. அவற்றிலும் பயன் காணப்படவில்லை.

பட்டி கட்டுவதோடு இது நின்றுவிடவில்லை. பச்சிளங்குழந்தைகளுக்கு இயந்திரம் ஓடும் நேரத்தில் ஸ்டீரொய்ட் கொடுப்பது பல நாடுகளில் நீண்டகால வழக்கமாக இருந்தது. 1200க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் சோதித்து 2022 இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், அதனால் தெளிவான நன்மை கிடைத்ததாக நிறுவ முடியவில்லை. அதே ஆண்டில், இயந்திரத்தினூடாக நைத்திரிக் ஒட்சைட்டு வாயுவைக் கொடுத்துப் பார்த்த 1371 குழந்தைகளின் ஆய்வும் அவ்வாறே முடிந்தது. இவை எல்லாமே கேட்பதற்கு மிகவும் நியாயமான யோசனைகள். அவற்றை நம்பியவர்களும் பெரிய நிபுணர்களே. ஆகவே 70 குழந்தைகளிடம் ஓர் இரத்தப் பரிசோதனை எண் குறைந்ததைப் பார்த்து எந்தச் சத்திரசிகிச்சைக் கூடமும் தன் நடைமுறையை மாற்றாது. மாற்றக் கூடாது என்பதே என் கருத்தும்.


கோணேசபுரிப் பட்டதாரி எழுதியது:

தாதி அம்மா எழுதியதில் பெரும்பகுதியோடு எனக்கு உடன்பாடு. நான் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் படித்து, பின்னர் அக்குபங்சரும் கற்றவன். அதனால் சிலவற்றை வேறு கோணத்திலிருந்து சொல்ல விரும்புகிறேன்.

அந்தச் சீன ஆய்வை நான் அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். அக்குபங்சரைப் பற்றி எழும் முதலாவது குற்றச்சாட்டு, நோயாளியின் நம்பிக்கைதான் வேலை செய்கிறது என்பது. மயக்கத்தில் கிடக்கும் குழந்தைக்கு மணிக்கட்டில் மின்னோட்டம் போகிறதா இல்லையா என்பதே தெரியாது; எனவே அங்கே நம்பிக்கைக்கு இடமில்லை. நெய்குவான் என்னும் புள்ளி மணிக்கட்டு மடிப்பிலிருந்து நோயாளியின் மூன்று விரல் அகலத்துக்கு மேலே, உட்புறத்தில் இரண்டு தசைநாண்களுக்கு நடுவே இருக்கிறது. அதற்கு நேர் கீழே மையநரம்பு ஓடுகிறது. நரம்பைத் தூண்டினால் உடலின் வேறோர் இடத்தில் மாற்றம் தோன்றலாம் என்பதில் உடற்கூற்றுக்கு முரணான எதுவும் இல்லை. பெரிய ஆய்வு எதிலும் அது தோற்றதாக எவரும் காட்டவில்லை. பெரிய ஆய்வு இன்னும் தேவைப்படுகிறது என்பதே சரியான கூற்று. பட்டி கட்டும் முறை தோற்றதால் இதுவும் தோற்கும் என்று முடிவு கட்டிவிட முடியாது.

அதே புள்ளிக்கு உறுதியான சான்றுள்ள பயன் ஒன்று உண்டு என்பதையும் இங்கே பதிய விரும்புகிறேன். சத்திரசிகிச்சைக்குப் பின் வரும் குமட்டலையும் வாந்தியையும் தடுக்க அதைத் தூண்டுவது பற்றி 59 ஆய்வுகளை, 7600க்கும் மேற்பட்டவர்களின் தரவுகளோடு, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் கொக்ரேன் குழுவினர் 2015 இல் தொகுத்துப் பார்த்து, போலித் தூண்டலைவிட அது பயனுள்ளது என்று கண்டார்கள். இலங்கைக்கு இந்த வைத்தியம் புதியதும் அல்ல. களுபோவில வைத்தியசாலையில் வைத்தியர் அன்ரன் ஜயசூரிய அக்குபங்சர் சிகிச்சைப் பிரிவை நடத்தி, வெளிநாட்டவர்களும் வந்து கற்றுச் சென்றதை மூத்தவர்கள் அறிவார்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகும், மாமன் ஐயா, உங்கள் மருமகளை நகரிலுள்ள அந்த நபரிடம் கொண்டுபோக வேண்டாம் என்றே சொல்வேன். அவர் நெஞ்சுப் புள்ளிகளைச் சொல்லியிருப்பதே எனக்கு முதற் காரணம். மார்பெலும்பின் நடுவே ஊசி போடும் ஒரு புள்ளி இருக்கிறது. சிலருக்கு அந்த எலும்பிலேயே பிறவியாக ஒரு சிறு துளை இருக்கும். வெளியிலிருந்து தடவிப் பார்த்தால் தெரியாது. அதன் வழியே ஊசி இறங்கி, இதயத்தைச் சுற்றியுள்ள உறைக்குள் இரத்தம் நிறைந்து உயிரிழந்தவர்கள் பற்றி மருத்துவ ஏடுகளில் பதிவுகள் உள்ளன. நெஞ்சின் பக்கவாட்டில் ஆழமாகப் போனால் நுரையீரல் சுருங்கிப்போகும். இரண்டரை வயதுக் குழந்தையின் நெஞ்சுச் சுவர் எவ்வளவு மெல்லியது என்பதைச் சட்டையைக் கழற்றிப் பார்த்தாலே விளங்கும். அத்தோடு அந்த வயதுப் பிள்ளை ஊசியோடு அசையாமல் கிடக்காது. அடுத்தது கிருமி. இதயத்துக்குள் துவாரம் உள்ள பிள்ளையின் இரத்தத்தில் கிருமி புகுந்தால், அது இதயத்தின் உட்புறத்தில் தங்கிப் புண்ணாக்கும் அபாயம் மற்றப் பிள்ளைகளைவிட அதிகம். சுத்தமான ஊசியால் அது வருவது அரிது. ஆனால் சத்திரசிகிச்சைக்குத் திகதி குறித்த பிறகு அந்த அரிதான அபாயத்தையும் ஏன் வாங்க வேண்டும்?

இன்னொன்றையும் கேட்டுவைக்கிறேன். வீட்டில் பிள்ளைக்குக் கசாயம், இலேகியம், செந்தூரம் ஏதாவது கொடுக்கிறீர்களா? கொடுத்தால் நிறுத்திவிட்டு, என்ன கொடுத்தீர்கள் என்பதை மயக்கமருந்து நிபுணரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். இரத்தம் உறைவதைப் பாதிக்கும் மூலிகைகள் பல நம்மிடமே இருக்கின்றன. சித்த மருத்துவம் படித்தவனே சொல்வதால் தங்கை சற்றுக் கேட்பார் என்று நம்புகிறேன்.


நிலாவெளி அம்மா எழுதியது:

நான் வைத்தியம் படித்தவள் அல்ல. என் மகனுக்கு ரி.ஓ.எப். என்று சொல்லப்படும், நான்கு கோளாறுகள் சேர்ந்து வரும் பிறவி இதயக் குறைபாடு இருந்து, கொழும்பில் சத்திரசிகிச்சை செய்து, இப்போது பாடசாலை செல்கிறான். அவனுக்கு ஒருவர் ஊசிச் சிகிச்சை செய்யச் சொன்னபோது எங்கள் குழந்தை நல வைத்தியர் மறுத்த காரணத்தை மட்டும் சொல்கிறேன். இந்த வகைப் பிள்ளைகள் பயந்து வீறிட்டு அழும்போது, நுரையீரலுக்குப் போகும் இரத்தம் திடீரென்று குறைந்து, உதடும் நகமும் கருநீலமாகிச் சில வேளைகளில் மயங்கிவிடுவார்கள். அப்படி ஒருமுறை வந்தபோது, அவனுடைய முழங்கால்களை மடக்கி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வைத்தியசாலைக்கு ஓடினோம். அழ வைக்கக்கூடிய எதையும், அவசியமில்லாவிட்டால், செய்யாதீர்கள் என்றார் வைத்தியர். உங்கள் மருமகளுக்கு இருப்பது வெறும் துவாரம் என்பதால் நீலம் பாயாதிருக்கலாம்; ஆனால் இதை வாசிக்கும் மற்றப் பெற்றோருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

அந்த நாட்களில் தங்கை ஏதாவது செய்யத்தான் வேண்டும் என்று துடிப்பார். எனக்கு அந்தத் துடிப்பு நன்றாக விளங்குகிறது. சும்மா இருக்கச் சொன்னால் தாயால் இருக்க முடியாது. செய்ய வேண்டிய வேலையோ நிறைய இருக்கிறது. பல்லைக் காட்டிச் சுத்தம் செய்வியுங்கள். சொத்தைப் பல் இருந்தால் சத்திரசிகிச்சைக்கு முன் அதைக் கவனிக்காமல் விடமாட்டார்கள். தடிமன், காய்ச்சல் உள்ளவர்கள் வீட்டுக்கு வருவதைக் கொஞ்சக் காலம் மறித்துவிடுங்கள். நெஞ்சில் சளி இருந்தால் திகதி தள்ளிப்போகும். தள்ளிப்போன திகதி எப்போது திரும்பக் கிடைக்கும் என்று எவராலும் சொல்ல முடியாது. எங்களுக்கு மேல்மாடி வீட்டுத் திருமணம் ஒன்றுக்குப் போகாததால் உறவுக்குள் மனக்கசப்பே வந்தது, இருந்தாலும் போகவில்லை. இரவுப் புகையிரதத்தில் போவதானால் குளிர்காற்று படாத இடமாகப் பார்த்து ஆசனம் எடுங்கள். இரத்தம் கொடுக்க ஆட்கள் தேவையா என்று வைத்தியசாலையில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். ஊசிக்காரருக்குக் கொடுக்க வைத்த காசைக் கொழும்பில் தங்குமிடத்துக்கு எடுத்து வையுங்கள். அதற்குத்தான் நாங்கள் நினைத்ததைவிட அதிகம் செலவானது.


உவர்மலை மாமன் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. எல்லாவற்றையும் தங்கைக்கு வாசித்துக் காட்டினேன். ஆய்வில் குழந்தைகளுக்கு ஊசியே போடவில்லை என்ற செய்திதான் அவளை யோசிக்க வைத்தது. நகரிலுள்ளவரிடம் போவதில்லை என்று முடிவாகிவிட்டது. மைத்துனர் வெற்றி பெற்றவர் போல வீட்டுக்குள் நடமாடுவதுதான் இப்போது தாங்க முடியாததாக இருக்கிறது.

தங்கை இரண்டு விடயங்களைக் கேட்கச் சொன்னாள். பிள்ளை உறங்கும்போது அந்த மணிக்கட்டுப் புள்ளியை விரலால் மெதுவாக அழுத்திவிடலாமா? சத்திரசிகிச்சைக்குப் பின் வாந்தி வந்தால், கடைகளில் விற்கும் மணிக்கட்டுப் பட்டியையோ, மின்தூண்டல் கொடுக்கும் சிறிய கருவியையோ கொண்டுபோய்க் கட்டலாமா?


சாம்பல்தீவு தாதி (ஓய்வு) எழுதியது:

பட்டதாரித் தம்பி சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன்; தோற்றது என்பதும் இன்னும் நிறுவப்படவில்லை என்பதும் ஒன்றல்ல. ஆனால் நிறுவப்படாததைச் செய்துபார்க்கும் இடம் நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு ஆய்வு நடக்கும் சத்திரசிகிச்சைக் கூடமே. வீட்டு விறாந்தை அல்ல.

வீட்டில் விரலால் மெதுவாக அழுத்துவதில் தீங்கு இல்லை. தாயின் கை படுவது பிள்ளைக்கு ஆறுதல்தான். அதனால் இதயம் காக்கப்படும் என்று மட்டும் தங்கை எண்ண வேண்டாம்.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் பட்டியோ கருவியோ கொண்டுபோக வேண்டாம். பெரும்பாலும் பிள்ளையின் ஒரு மணிக்கட்டில், அந்தப் புள்ளிக்குப் பக்கத்திலேயே, நாடிக்குள் மெல்லிய குழாய் செருகப்பட்டு, அதன் வழியாகத்தான் ஒவ்வொரு துடிப்பின் இரத்த அழுத்தமும் திரையில் தெரியும்; அடிக்கடி இரத்த மாதிரி எடுப்பதும் அதிலிருந்துதான். அங்கே ஒரு பட்டி இறுகினால் குழாயும் கெடும், விரல்களுக்கான இரத்தவோட்டமும் கெடலாம். மின்கருவியில் இன்னொரு சிக்கல் உண்டு. கீழறைச் சுவரின் துவாரத்தைத் தைக்கும் இடத்துக்கு மிக அருகில்தான் இதயத்தின் மின்கடத்தும் நார்கள் செல்கின்றன. தையலுக்குப் பின் அவை தற்காலிகமாகச் செயலிழந்தால் துடிப்பைத் தாங்கிப் பிடிப்பதற்காக, இதயத்தின் மேல் மெல்லிய கம்பிகளைப் பொருத்தி, அவற்றின் நுனிகளை நெஞ்சுக்கு வெளியே விட்டிருப்பார்கள். அந்தக் கம்பிகள் ஒரு பேஸ்மேக்கர் பெட்டியோடு இணைந்திருக்கும்போது, உறவினர் ஒருவர் தம் விருப்பப்படி வேறொரு மின்கருவியை இயக்கினால், பெட்டி அந்த மின்துடிப்பை இதயத்தின் துடிப்பென்று தவறாக எடுத்துக்கொண்டு தன் வேலையை நிறுத்திவிடக்கூடும்.

வாந்திக்கு அங்கேயே மருந்து கொடுப்பார்கள். சத்திரசிகிச்சைக்கு முதல்நாள் மயக்கமருந்து நிபுணர் பிள்ளையைப் பார்க்க வருவார். பிள்ளைக்கு முன்பு ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனதா, குடும்பத்தில் எவருக்காவது மயக்கமருந்தால் சிக்கல் வந்ததா, கடந்த வாரங்களில் காய்ச்சல் இருந்ததா, வீட்டில் என்ன கசாயம் கொடுத்தீர்கள் என்பவற்றை ஒரு தாளில் எழுதிவைத்துத் தங்கை கையில் கொடுத்துவிடுங்கள். மணிக்கட்டுப் புள்ளியைப் பற்றி அவரிடமே நேராகக் கேட்கலாம். கேட்பதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்த ஆய்வைச் செய்தவர்களும் மயக்கமருந்து நிபுணர்களே.